ஒரு ஸ்கொட்லாந்துச் சொல்லும் என் நெற்றிக் காயமும்

பலெர்மோவில் ஒரு படிக்கட்டுத் திருப்பத்தில், குளிர்ந்த மாபிள் தரையில் மல்லாக்கக் கிடக்கிறேன். வலது கண்ணுக்குள் ஏதோ சூடாக இறங்குகிறது. எனக்கு மேலே இரண்டு கிழவிகளின் முகங்கள். ஒன்று சுண்ணாம்பாக வெளுத்திருக்கிறது. மற்றது கோபத்தில் சிவந்திருக்கிறது.

"வினாகிரி போடவேணும்," என்கிறது சிவந்த முகம்.

"வினாகிரி சலாட்டுக்கு. காயத்துக்கு அயடின்," என்கிறது வெளுத்த முகம்.

"அயடின் எரியும்."

"எரிஞ்சால்தான் மருந்து."

"அப்ப உம்மடை மண்டையிலை பூசும்!"

நெற்றி என்னுடையது. ஆனால் என்னிடம் ஒருவரும் அபிப்பிராயம் கேட்கவில்லை. எனக்கு அது பெரிதாகவும் படவில்லை. ஏனென்றால் இந்த இரண்டு பேரும் பதினொரு வருடமாக ஒருவரோடொருவர் ஒரு சொல் கதைத்ததில்லை. அவர்களைக் கதைக்க வைக்க என் மண்டை உடைய வேண்டியிருந்திருக்கிறது, அவ்வளவுதான்.

போன கிழமை பொலிஸ் கந்தோர் வரிசையில் நான் நின்ற கதையைப் படித்துவிட்டு ஒரு வாசகர், "ஐயா, உங்கள் தொடரில் ஒரே அழுகை, கொஞ்சம் சிரிக்கவும் விடுங்கள்" என்று எழுதியிருந்தார். நல்லது. இந்தக் கிழமை தாராளமாகச் சிரியுங்கள். அடி எனக்குத்தான் விழுந்தது, உங்களுக்கு என்ன!

ஒரு முன்னெச்சரிக்கை. வெளுத்த முகம் என்னோடு ஆங்கிலம் கதைத்தது, சிவந்த முகம் சிசிலியன் கதைத்தது. ஆனால் என் நினைவில் இருவரும் சுத்த யாழ்ப்பாணத் தமிழில்தான் சண்டை பிடிக்கிறார்கள். அப்படியே எழுதுகிறேன்.

தும்புத்தடியும் நானும்

யாழ்ப்பாணத்தில் இருந்தவரை நான் தும்புத்தடியைத் தொட்டது பூனை கலைக்க மட்டும்தான். பள்ளிக்கூட நூலகத்தில் உதவியாளனாக இருந்தவன். புத்தகத்தில் தூசி இருந்தால் ஊதுவேன். அதற்குமேல் தூசியோடு எனக்குக் கொடுக்கல் வாங்கல் இல்லை.

பலெர்மோவுக்கு எனக்கு முன்னரே வந்து வேலை பிடித்தவள் என் மனைவி தவம். அல்பெர்கேரியாவில் எங்கள் ஒற்றை அறை வீட்டில் வைத்து அவள்தான் எனக்குக் கூட்டப் பழக்கினாள். இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நின்று பார்ப்பாள்.

"என்னப்பா இது, கொடி பிடிச்சு ஊர்வலம் போற மாதிரி? குனிஞ்சு கூட்டுங்கோ. மூலையை ஆர் கூட்டுறது, கவர்னரோ?"

இந்த ஊரில் எங்கள் ஆண்களில் முக்கால்வாசிப் பேர் வீடு துடைக்கிறவர்கள். ஊருக்குத் தொலைபேசி எடுத்தால் "கொம்பனியிலை வேலை" என்போம். எந்தக் கொம்பனி என்று மறுமுனையில் கேட்க மாட்டார்கள். அவர்களுக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும். அது ஒரு மரியாதை.

நான் வேலை செய்த கொம்பனிக்கு இரண்டு மாடி. போர்கோ வெக்கியோவில், சந்தைக்குப் பக்கத்து ஒழுங்கையில், லிப்ட் இல்லாத ஒரு பழைய கட்டடம். மூன்றாம் மாடியில் சிஞோரா எல்ஸ்பெத். இரண்டாம் மாடியில் சிஞோரா கொன்செத்தா. மேலே செவ்வாயும் வெள்ளியும். கீழே திங்களும் வியாழனும். புதன்கிழமை, குனிந்து நொந்த என் நாரிக்கு ஓய்வு.

ஒரே ஒரு சொல்

எல்ஸ்பெத் ஸ்கொட்லாந்துக்காரி. இளமையில் இங்கே ஆங்கிலம் படிப்பிக்க வந்து, ஒரு பலெர்மோக்காரரைக் கட்டி, அவர் போன பிறகும் திரும்பிப் போகாமல் இருந்துவிட்டவர். எண்பது தாண்டியும் நிமிர்ந்து நடப்பார். அவரை "இங்கிலீஷ் சிஞோரா" என்று யாராவது சொல்லிவிட்டால் அன்றைக்கு எனக்கும் தேத்தண்ணி கிடையாது.

முதல் நாள் நான் வாளியும் துடைப்பானுமாகப் போய் நின்றேன். அவர் வாளியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"லிங்கம், தண்ணி பிறகு. நாங்கள் கிளீன் பண்ணப் போறேல்லை. ரெட் பண்ணப் போறம்."

கடைசியில் இரண்டு 'டி' போட்டு எழுதுகிற சொல் அது. நிறத்துக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. ஸ்கொட்லாந்தில் வீட்டை ஒழுங்குபண்ணுவதற்குப் பழையகாலத்தில் இருந்தே சொல்கிற சொல்லாம். கழுவுவதும் துடைப்பதும் அல்ல. இருக்கக்கூடாத இடத்தில் இருப்பதை எடுத்து, இருக்கவேண்டியதற்கு இடம் விடுவது. நாங்கள் 'வீட்டை ஒதுக்கிறது' என்போமே, கிட்டத்தட்ட அது.

"அவ்வளவுதானே சிஞோரா," என்றேன்.

"அவ்வளவுதானோ?" என்று கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு இருந்துவிட்டார். முப்பது வருடம் படிப்பித்தவரிடம் இப்படி ஒரு கேள்வி கேட்டால் தப்ப முடியாது. அன்று நான் துடைத்தது ஒரு மேசை. மற்ற நேரமெல்லாம் பாடம்.

சொல்லின் பிறப்பில் இரண்டு கட்சி இருக்கிறதாம். பற்றையை வெட்டி நிலத்தை வெளியாக்குவதற்கு, வடக்குக் கடலைத் தாண்டி வந்தவர்கள் கொண்டுவந்த சொல் என்று ஒரு கட்சி. ஆபத்தில் அகப்பட்டவனை மீட்பது என்று பொருள்படுகிற இன்னொரு பழைய சொல் என்று மறு கட்சி. இரண்டும் எப்போதோ ஒன்றாய்க் கலந்துவிட்டன.

"நீங்கள் எந்தக் கட்சி?" என்று கேட்டேன்.

"ரெண்டும் ஒண்டுதானே. குப்பைக்குள்ளை இருந்து வீட்டை மீட்கிறம்."

பிறகு அந்தச் சொல் வீட்டை விட்டு வெளியே போய்விட்டதாம். சிக்கு விழுந்த தலையைச் சீவினால் அதுவும் ரெட். அதற்கென்று ஒரு சீப்பே இருந்தது. அவர் பிறந்தது ஒரு மீன்பிடி ஊர். தூண்டில் கயிற்றில் பழைய இரையைக் களைந்து, சிக்கெடுத்துச் சுற்றி வைப்பது அங்கே பெண்களின் வேலை. அதுவும் ரெட். தொண்டையைச் செருமிக்கொண்டு மனதில் கிடந்ததைக் கொட்டினால் அதுவும் அதுதான். சாகப் போகிறவர் காணி பூமிக் கதைகளைத் தீர்த்துவைத்தாலும் அதே சொல். கப்பலேறி அமெரிக்காவுக்குப் போனவர்களின் வழியில் வந்த சிலர் இப்போதும் சாப்பிட்ட மேசையை 'ரெட்' பண்ணுகிறார்களாம். ஆற்றில் மீன் முட்டையிடத் துப்புரவாக்கும் குழிக்கும் அந்தப் பெயர் இருக்கிறது என்றார். மீனும் ஒதுக்கிப்போட்டுத்தான் பிள்ளை பெறுகிறது!

"சண்டை பிடிக்கிற ரெண்டு பேரைப் பிரிச்சு விட்டால்?" என்று அவரே கேட்டு அவரே சொன்னார்: "அதுவும் ரெட்."

நூலகத்தில் இருந்தவன், விட்டுக்கொடுப்பேனா? "தமிழிலை ஒவ்வொண்டுக்கும் தனித்தனிச் சொல் இருக்கு சிஞோரா. ஒதுக்கிறது, சிக்கெடுக்கிறது, செருமுறது, விலக்குப் பிடிக்கிறது..."

அவர் என்னை உண்மையான இரக்கத்தோடு பார்த்தார். "பாவம். இவ்வளவு சொல்லையும் காவிக்கொண்டு திரியவேணும். எங்களுக்கு ஒண்டு போதும்."



கறுப்புத் தண்ணீர்

சண்டை தொடங்கியதும் ஒரு துப்புரவில்தான்.

பதினொரு வருடத்துக்கு முன்னர் கொன்செத்தாவின் மகளுக்குக் கலியாணம். சீதனமாகக் கொடுக்கவிருந்த வெள்ளைப் படுக்கை விரிப்புகளை, தன் தாயின் தாய் பூ வேலை செய்து வைத்திருந்தவற்றை, கழுவிப் பல்கனிக் கம்பியில் காயப்போட்டிருக்கிறார். மேலே எல்ஸ்பெத் தன் பல்கனியைக் கழுவினார். ஒரு மழைக்காலத்து ஊத்தை முழுவதும் கறுப்பாக வழிந்து விரிப்புகளில் இறங்கியது.

"ஊத்த முதல் நான் கூப்பிட்டுச் சொன்னனான்," என்பார் எல்ஸ்பெத்.

"கூப்பிட்டவ. இங்கிலீஷிலை!" என்பார் கொன்செத்தா.

அன்றிலிருந்து மேலே ஒரு உலகம், கீழே ஒரு உலகம். ஒருவர் படியில் இறங்கினால் மற்றவர் கதவைத் திறக்க மாட்டார். இரண்டுக்கும் நடுவில் போய்வந்த ஒரே மனிதன் நான்.

இங்கே ஒரு பாவத்தை ஒப்புக்கொள்ளவேண்டும். எழுதக் கை கூசுகிறது, பரவாயில்லை. திங்கட்கிழமை கொன்செத்தா, "மேலை எப்பிடி, ஊத்தைதானே?" என்று கேட்பார். நான் "ஓம் சிஞோரா, பாசி மணம்" என்பேன். செவ்வாய்க்கிழமை எல்ஸ்பெத், "கீழை எப்பிடி?" என்று கேட்பார். "ஐயோ, பொரிச்ச எண்ணெய் சுவரிலை வழியுது" என்பேன். இரண்டும் பொய். இரண்டு வீடும் நான் துடைத்த வீடு, எப்படி ஊத்தையாக இருக்கும்? ஆனால் அப்படிச் சொன்னால் இரண்டு பேருக்கும் முகம் மலரும். தேத்தண்ணியோடு ஒரு பிஸ்கற் கூட வரும். பிஸ்கற்றுக்காக ஒரு சண்டைக்கு எண்ணெய் ஊற்றினவன் நான்.

தவத்திடம் சொன்னபோது அவள் சிரிக்கவில்லை. "ரெண்டு கிழவியளும் தனிச்சுக் கிடக்குதுகள். நீங்கள் நடுவிலை நிண்டு கூத்தாடுறியள். ஒரு நாளைக்கு மண்டை உடையும் பாருங்கோ."

அவள் வாய் பொல்லாத வாய்.

டங்கன் வருகிறார்

மண்டை உடைந்த வருடம், குளிர்காலம் தொடங்கும்போது எல்ஸ்பெத் சந்தையில் மீன்கடைக்காரன் ஊற்றிய தண்ணீரில் சறுக்கி விழுந்து, இடது மணிக்கட்டை முறித்துக்கொண்டார். செய்தி ஸ்கொட்லாந்துக்குப் போனது. அங்கே அவருக்கு மிஞ்சியிருந்த சொந்தம் ஒன்றே ஒன்று, அண்ணன் மகன் டங்கன். டங்கன் கெட்டவர் அல்ல. கிழமைக்கொரு தடவை தொலைபேசி எடுப்பவர். அதனால்தான் பயமாக இருந்தது. நல்லவர்கள் ஒரு முடிவெடுத்தால் அசைக்க முடியாது.

வருடக் கடைசி நாள் மத்தியானம் வருகிறேன் என்றார். அந்த வீட்டுப் பூட்டுக்கு மாற்றுத் திறப்பு ஒன்று தன்னிடம் இருக்கிறது, ஆனால் ஸ்கொட்லாந்தில் இருந்துகொண்டு அதை வைத்து என்ன செய்வது என்று கேட்டார். இதே கட்டடத்தில் ஒருவர் அந்தத் திறப்பை வாங்கி, ஒவ்வொரு நாளும் எட்டிப் பார்க்கச் சம்மதிக்க வேண்டும். அப்படி ஒருவர் இல்லையென்றால் எல்ஸ்பெத் டங்கனோடு புறப்பட வேண்டியதுதான். அங்கே ஒரு முதியோர் இல்லத்தில் அறை பார்த்து வைத்தாயிற்று.

எல்ஸ்பெத் இதை எனக்குச் சொன்னபோது கத்தரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தார். ஒரு கையால்.

"அந்த அறையிலை ஒரு யன்னல் இருக்காம், லிங்கம். அதாலை பார்த்தால் கார் நிப்பாட்டுற இடம் தெரியுமாம்."

அடுத்த கத்தரிக்காயை எடுத்தார். அவர் போனால் என் வேலை ஒப்பந்தமும் போகும், அதோடு என் வதிவிட அனுமதியும் ஆட்டம் காணும். அது உண்மைதான், மறைக்கவில்லை. ஆனால் அந்த நேரம் நினைத்தது அதை அல்ல. இந்த மனுசி காலையில் எழும்பிக் கார்களைப் பார்த்துக்கொண்டு இருக்கப்போகிறதே என்றுதான் நினைத்தேன்.

கட்டடத்தில் யார் இருக்கிறார்கள்? முதலாம் மாடி பூட்டிக் கிடக்கிறது. நான்காம் மாடியில் வாரத்துக்கு வாரம் மாறுகிற சுற்றுலாக்காரர்கள். மிச்சம் ஒரே ஒரு ஆள். அந்த ஆளின் பெயரைச் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை.

தேசிக்காய்

ஸ்கொட்லாந்தில் வருடக் கடைசி நாளில் வீட்டை ரெட் பண்ணாமல் விட மாட்டார்களாம். அடுப்புச் சாம்பலை வெளியே கொட்டவேண்டும், அரைகுறையாய்க் கிடப்பதை முடிக்கவேண்டும், இரவல் வாங்கியதைத் திருப்பிக் கொடுக்கவேண்டும். புது வருடம் பிறக்கும்போது வீட்டில் பழைய ஊத்தை ஒரு பொட்டும் இருக்கக்கூடாது. அதைக் கேட்டபோது எனக்கு எங்கள் பொங்கல் துப்புரவு ஞாபகம் வந்து, அவர்கள் எங்கள் சொந்தக்காரர்தானோ என்று ஒரு கணம் சந்தேகம்.

அந்த முறை எல்ஸ்பெத் பேய் பிடித்தவர் மாதிரி நின்றார். வீடு பளிச்சென்று இருந்தால் டங்கன் மனம் மாறுவார் என்று ஒரு நப்பாசை. மூன்று நாள் ரெட் பண்ணினோம். சாம்பலுக்குப் பதிலாக காஸ் அடுப்பின் தட்டைச் சுரண்டினேன். செத்துப்போன புருசனின் சப்பாத்துகளை மூட்டை கட்டினேன். கடைசியில் மூன்றாம் மாடியிலிருந்து கீழ்ப்படி வரை தண்ணீர் ஊற்றித் தேய்த்தேன்.

முந்தின நாள் தவம் சொல்லி அனுப்பியிருந்தாள்: "எல்லாம் முடிஞ்சாப் போலை வாசலிலை ஒரு தேசிக்காய் வெட்டி, குங்குமம் பூசி வையுங்கோ. அந்த மனுசிக்கு ஆற்றையோ கண்ணூறு பட்டுக் கிடக்கு." குங்குமத்தைக் கடதாசியில் மடித்துச் சட்டைப் பையில் வைத்தும் விட்டாள்.

எங்கள் தேசிக்காய் கைக்கடக்கமானது. எல்ஸ்பெத் வீட்டுக் கூடையில் இருந்தது சிசிலித் தேசிக்காய், மாங்காய் அளவு. ஒன்றை இரண்டாக வெட்டினேன். மடித்துத் தந்த குங்குமம் முழுவதையும் அப்பினேன். அளவுக்கேற்ற பூச்சு வேண்டாமா?

பிறகு யோசித்தேன். அந்த யோசனைதான் வினை. வாசலில் வை என்றாள் தவம். ஆனால் கண்ணூறு எந்தப் பக்கத்தால் வருகிறது? கீழே இருந்துதான், வேறு எங்கிருந்து? அப்படியென்றால் அதைக் கீழேயே மறிப்பதுதானே புத்தி? இறங்கிப் போய், கொன்செத்தாவின் கதவுக்கு நேரே, மேலே ஏறுகிற படியின் இரண்டு பக்கமும் ஒவ்வொரு பாதியை வைத்தேன். கைகூப்பி அம்மாளாச்சியையும் நினைத்துக்கொண்டேன்.

தரை ஈரம். நான் ஊற்றிய தண்ணீர் இன்னும் காயவில்லை. குங்குமம் கரைந்து, மெல்ல ஓடி, சிவப்பாகக் கொன்செத்தாவின் கதவின் கீழால் உள்ளே போனது. நான் அதைப் பார்க்கவில்லை. மேலே போய்த் துடைப்பானைப் பிழிந்துகொண்டிருந்தேன்.

இன்னொன்றும் எனக்கு அப்போது தெரியாது. இந்த ஊரில் ஒருவரைத் தொலைக்கச் செய்வினை வைப்பதென்றால் தேசிக்காயில்தான் வைப்பார்களாம். ஆணி குத்தி, வாசலில்.

விலக்குப் பிடித்தல்

"ஃபத்தூரா!" என்று ஒரு சத்தம் கேட்டது. செய்வினை என்று அர்த்தம். சந்தையில் மீன் விற்றவன் கூட வாயை மூடியிருப்பான்.

எட்டிப் பார்த்தால், கொன்செத்தா வாசலில் நிற்கிறார். கட்டையான, தடித்த உருவம், உடுப்புக்கு மேலே சமையல் துணி. கையில் கம்பளம் தட்டுகிற பிரம்பு. காலடியில் இரத்தம் வடிக்கும் இரண்டு தேசிக்காய்ப் பாதி. அவர் கண் படியில் ஏறி, மேலே வாசலில் வந்து நின்ற எல்ஸ்பெத்தில் போய் நின்றது.

"கறுப்புத் தண்ணி போதாதோ? இப்ப இரத்தமோ? என்னைச் சாகக் குடுக்கப் பார்க்கிறியோ?"

பிரம்பை ஓங்கிக்கொண்டு படியை நோக்கி வந்தார். எல்ஸ்பெத் சும்மா நிற்கவேண்டியவர்தானே? அவரும் இறங்கத் தொடங்கினார், கட்டுப்போட்ட கையோடு. நான் பாய்ந்து இறங்கி, படியடியில் இரண்டு பேருக்கும் நடுவில் நின்று இரண்டு கையையும் விரித்தேன்.

"பொறுங்கோ! பொறுங்கோ! அது என்ரை தேசிக்காய்!"

இத்தாலியனில் சொல்லவேண்டியதைத் தமிழில் சொல்லிவிட்டேன். பிரம்பு இறங்கிவிட்டது. அதன் முனையில் பிரிந்திருந்த கம்பி நெற்றியைக் கிழித்தது. ஒரு அடி பின்வாங்கினேன். காலில் பட்டது படி இல்லை, தேசிக்காய்.

மிச்சத்தை முதலிலேயே சொல்லிவிட்டேன். மாபிள், வினாகிரி, அயடின்.

எல்ஸ்பெத் குனிந்து என்னைப் பார்த்து, பயமும் சிரிப்புமாகச் சொன்னார்: "லிங்கம், இதுக்கும் எங்கடை ஊரிலை ஒரு பேர் இருக்கு. ரெடிங் ஸ்ட்ரேக். விலக்குப் பிடிக்கப் போனவனுக்கு விழுகிற அடி. எப்பவும் அதுதான் பெரிய அடி."

அதற்குள் நான் இத்தாலியனில் தேசிக்காயின் தத்துவத்தைக் கொன்செத்தாவுக்கு விளக்கத் தொடங்கியிருந்தேன். செய்வினை இல்லை, செய்வினைக்கு எதிர்வினை என்றேன். அவர் வினாகிரித் துணியை நெற்றியில் அழுத்தியபடி உறுமினார்.

"அவவைக் காப்பாத்தவோ? மேலை பாசி மணக்குது எண்டு ஒவ்வொரு திங்களும் சொன்னவன் நீதானே?"

எல்ஸ்பெத்தின் சிரிப்பு நின்றது. "என்ன சொன்னவர்?"

"பாசி மணமாம்."

"எனக்குச் சொன்னவர், உங்கடை வீட்டிலை சுவராலை எண்ணெய் வழியுதாம்."

"எண்ணெயோ! என்ரை வீட்டிலையோ!"

இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். பதினொரு வருடத்தில் முதல் தடவையாக நேருக்கு நேர். பிறகு இரண்டு பேரும் ஒன்றாகக் குனிந்து என்னைப் பார்த்தார்கள். அடி வாங்கியபோது கூட எனக்கு அவ்வளவு பயம் வரவில்லை.

"களவாணி," என்றார் ஒருவர்.

"பிஸ்கற் தின்னி," என்றார் மற்றவர்.

அந்த நேரம் பார்த்து, கீழிருந்து பெட்டி இழுபடுகிற சத்தம். மூச்சு வாங்க வாங்க ஏறி வந்தார் டங்கன். ஆறடிக்கு மேல் வளர்த்தி. அவர் கண்டது என்ன? தரையெல்லாம் சிவப்பு. நடுவில் விழுந்து கிடக்கிற ஒரு கறுத்த மனிதன். அவனைத் திட்டிக்கொண்டிருக்கிற இரண்டு கிழவிகள். ஒருத்தி கையில் பிரம்பு.

"வா மோனை," என்றார் எல்ஸ்பெத். "வீடு ஒதுக்கிக்கொண்டிருந்தனாங்கள்."

மேல்மாடியில்

என்னை மேலே கொண்டுபோனார்கள். கொன்செத்தாவும் ஏறி வந்தார். சமாதானத்துக்காக அல்ல, அயடின் பூசி விடுவார்கள் என்ற பயத்தில். துணியை நெற்றியிலிருந்து எடுக்கவே இல்லை. ஆனாலும் உள்ளே வந்ததும் மூக்கை உயர்த்தி ஒரு தடவை மோந்து பார்த்தார். பாசி மணம் இல்லை. என்னைப் பார்த்த பார்வையை விபரிக்க விரும்பவில்லை.

டங்கன் கதிரை விளிம்பில் இருந்தார். வீட்டின் பளபளப்பை ஒரு தடவையாவது பார்த்தாரோ தெரியாது. சட்டைப் பையிலிருந்து மாற்றுத் திறப்பை எடுத்து மேசையில் வைத்தார்.

"அன்ரி, நான் கேட்டது ஒண்டுதான். ஆர் பாக்கப் போகினம்?"

பக்கத்தில் நின்ற கொன்செத்தாவிடம் கேட்க எல்ஸ்பெத்துக்கு வாய் வரவில்லை. "தேத்தண்ணி போடுறன்," என்று எழும்பிக் குசினிக்கு நடந்தார். டங்கன் பெருமூச்சு விட்டார். "அப்ப சரி," என்று திறப்பைத் திரும்ப எடுக்கக் கையை நீட்டினார்.

எல்லாம் முடிந்துவிட்டது என்று நினைத்தேன்.

கொன்செத்தா என் தலையை ஒரு இடி இடித்தார். "உந்த நெட்டையன் என்ன கதைக்கிறான்? சொல்லு. பொய் சேர்க்காமல் சொல்லு."

சொன்னேன். திறப்பு, நாளாந்தம் பார்ப்பது, அறை, யன்னல், கார்கள். கொன்செத்தா குசினிப் பக்கம் திரும்பவில்லை. கண்ணை மூடிக்கொண்டு காதைக் கொடுத்தபடி நின்றார். எல்ஸ்பெத் தட்டோடு திரும்பி வருகிற கால் சத்தம் கேட்டது.

"அவனுக்குச் சொல்லு," என்றார் கொன்செத்தா. "இவ காலமை ஆறரைக்கு எழும்புறவ. முதல் யன்னல், பிறகு குசினி. மத்தியானம் ஒரு மணித்தியாலம் படுப்பா. வெள்ளிக்கிழமையிலை ரேடியோவோடை சேர்ந்து காலாலை தாளம் போடுவா. பதினொரு வருஷமா என்ரை தலைக்கு மேலைதானே நடக்கிறா. வேறை ஆருக்குத் தெரியும்?"

பிறகு குரலைத் தாழ்த்தினார்.

"விழுந்த நாளிலை இருந்து வலது காலை இழுத்து நடக்கிறா. கையை மட்டும்தான் காட்டினவ. காலைப் பற்றி ஒருத்தருக்கும் சொல்லேல்லை. அதையும் சொல்லு."

கிழமைக்கு இரண்டு நாள் வருகிற எனக்கு அது தெரியாது. வைத்தியருக்குத் தெரியாது. இதைச் சொன்னால் டங்கன் இன்றைக்கே பெட்டி கட்டிவிடுவார். சொல்லாமல் விடலாம். யாரும் கண்டுபிடிக்க முடியாது, அந்த அறையில் இரண்டு பக்கமும் போய்வரக்கூடிய நாக்கு என்னுடையது மட்டும்தான் என்று நினைத்தேன். அப்போது எல்ஸ்பெத்தைப் பார்த்தேன். கையில் தட்டோடு அப்படியே நின்றார். அவருக்கு எல்லாம் விளங்கியிருந்தது. அவர் என்னைத் தடுக்கவில்லை.

சொன்னேன். காலை ஆறரை, யன்னல், ரேடியோ, வலது கால். ஒரு சொல் கூட்டவில்லை, ஒரு சொல் குறைக்கவில்லை.

டங்கன் அத்தையின் காலைப் பார்த்தார்.

"உண்மையோ, அன்ரி?"

"ஓம்."

"எனக்கு ஏன் சொல்லேல்லை?"

எல்ஸ்பெத் தோளை மட்டும் அசைத்தார். டங்கனுக்குக் கண் கலங்கிவிட்டது. அந்தப் பெரிய உடம்போடு எழும்பி, திறப்பை எடுத்து, தனக்குத் தெரியாததையும் அறிந்திருந்த கொன்செத்தாவின் முன்னால் நீட்டினார். அவருக்கு இத்தாலியன் தெரியாது.

கொன்செத்தா வாங்கவில்லை. முதல் தடவையாக என் நெற்றியிலிருந்து கையை எடுத்தார். எல்ஸ்பெத்துக்கும் அவருக்கும் இடையில் ஒரு முழத் தூரம் கூட இல்லை. எல்ஸ்பெத்துக்குச் சிசிலியன் இந்தத் தெருவில் பிறந்தவர்கள் அளவுக்குத் தெரியும். ஆனாலும் கொன்செத்தா என்னைத்தான் பார்த்துச் சொன்னார்.

"அவவைக் கேள். திறப்பு எனக்குப் பெரிசில்லை. நான் வந்து கதவைத் தட்டினால் திறப்பாவோ எண்டு கேள்."

நான் எல்ஸ்பெத்தின் பக்கம் திரும்பிக் கேட்டேன். அவர் தட்டை மேசையில் வைத்தார். அவரும் என்னைத்தான் பார்த்தார்.

"திறப்பன் எண்டு சொல்லும்," என்றார்.

நான் கொன்செத்தாவின் பக்கம் திரும்பினேன். நெற்றியில் இரத்தம் மறுபடி இறங்கிக்கொண்டிருந்தது. துடைக்கவில்லை.

"திறப்பாவாம்," என்றேன்.